மருத்துவர் பதில்கள்: அந்தக் கடைசி வரியில் என்ன எழுத வேண்டும்?

சென்ற இதழில், வீட்டில் நிகழும் இறப்பை 21 நாட்களுக்குள் பதிவுசெய்ய வேண்டும் என்று ஒரு வாசகருக்குச் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு எழுதியவர்களில் பெரும்பாலானோர் பதிவைப் பற்றிக் கேட்கவில்லை. பதிவுக்கு முன்னால் மருத்துவர் எழுதித் தரும் காரணச் சான்றைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். சிலர் கோபமாகவும் கேட்டிருக்கிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவம் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அந்தக் கோபத்தில் எனக்கும் பங்குண்டு. ஆகவே இந்த இதழ் முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 67. பதினெட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருந்தது. காலில் வந்த புண் அழுகி, தனியார் மருத்துவமனையில் மூன்று வாரம் சிகிச்சை பெற்றுக் காலமானார். அவர்கள் கொடுத்த சான்றில் இறப்புக்கான காரணம் 'கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்' என்று மட்டும் இருக்கிறது. உறவினர்கள் எல்லாரும் அவர் மாரடைப்பில் போனதாகவே பேசுகிறார்கள். அவருக்கு இதய நோய் இருந்ததே இல்லை. மருத்துவர் தவறாக எழுதிவிட்டாரா?
— பள்ளி ஆசிரியர், சேலம்

பதில்: மருத்துவர் எழுதியது பொய்யன்று, ஆனால் அது விடையும் அன்று. அந்தச் சொற்களுக்கு இதயமும் மூச்சும் நின்றுவிட்டன என்று பொருள். பாம்பு கடித்து இறந்தவருக்கும், லாரி மோதி இறந்தவருக்கும், தொண்ணூறு வயதில் உறக்கத்திலேயே போய்ச் சேர்ந்தவருக்கும் இதயமும் மூச்சும் நின்றுதான் இருக்கும். எதனால் இறந்தார் என்று கேட்டதற்கு, இறந்ததால் இறந்தார் என்று சொன்னது போலத்தான் இது. உங்கள் உறவினர்களின் குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது. மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபடுவதால் வரும் தனியொரு நோய். இதயம் நின்றுபோவது எல்லா மரணத்துக்கும் பொதுவான முடிவு. நம் பேச்சு வழக்கில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. மருத்துவரும் அந்த வழக்கத்துக்குத் துணைபோவதுதான் வருத்தம்.

மருத்துவமனையில் நிகழும் இறப்புகளுக்கு நம் நாட்டில் பயன்படும் சான்றுக்குப் படிவம் 4 என்று பெயர். உலக சுகாதார நிறுவனம் வகுத்துத் தந்த அமைப்பையே அது பின்பற்றுகிறது. ஏறத்தாழ எல்லா நாடுகளிலும் இதே அமைப்புதான். அதன் முதல் பகுதியில் அ, ஆ, இ என ஒன்றன்கீழ் ஒன்றாக வரிகள் இருக்கும். முதல் வரியில் மரணத்துக்கு நேரடியாகக் காரணமான நிலையை எழுத வேண்டும். அது எதனால் ஏற்பட்டது என்பது இரண்டாம் வரி. அதுவும் எதனால் வந்தது என்பது மூன்றாம் வரி. ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அந்த நோய் தொடங்கியதிலிருந்து இறப்பு வரை எவ்வளவு காலம் என்று குறிக்க ஒரு கட்டம் உண்டு. இரண்டாம் பகுதி, மரணத்துக்குத் துணைசெய்த, ஆனால் அந்த வரிசையில் சேராத பிற நோய்களுக்கு உரியது. இதயம் செயலிழத்தல், தளர்ச்சி போன்ற இறக்கும் விதத்தை எழுதாதீர்கள், நோயை எழுதுங்கள் என்ற எச்சரிக்கையும் அந்தப் படிவத்திலேயே அச்சாகியிருக்கிறது. அந்த எச்சரிக்கைக்கு அருகிலேயே 'கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்' என்று எழுதப்பட்ட படிவங்களை நான் கட்டுக்கட்டாகப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால், கேஸ் ஷீட்டை, அதாவது மருத்துவமனையின் சிகிச்சைக் குறிப்பேட்டைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும், உங்கள் தந்தையின் சான்று ஏறத்தாழ இப்படி இருந்திருக்க வேண்டும்: முதல் வரியில் இரத்தத்தில் கிருமி பரவிய செப்டிசீமியா, மூன்று நாள், இரண்டாம் வரியில் பாதத்தில் அழுகல், மூன்று வாரம், மூன்றாம் வரியில் சர்க்கரை நோய், பதினெட்டு ஆண்டு. கீழிருந்து மேலாகப் படித்தால் ஒரு மனிதரின் நோய்க்கதை முழுவதும் மூன்று வரியில் அடங்கிவிடுகிறது. காலக் கணக்கும் கீழே போகப் போக நீண்டுகொண்டே போக வேண்டும். மேலே ஐந்து ஆண்டு, கீழே இரண்டு நாள் என்று இருந்தால், எழுதியவர் வரிசையைத் தலைகீழாக்கிவிட்டார் என்று மருத்துவம் படிக்காதவரும் கண்டுபிடித்துவிடலாம்.

இந்த மூன்றில் அரசின் புள்ளிவிவரத்துக்குள் போய்ச் சேர்வது பொதுவாகக் கடைசி வரிதான். மரணத்துக்கு இட்டுச்சென்ற நிகழ்வுகளின் வரிசையைத் தொடங்கிவைத்த நோயை அல்லது காயத்தை 'அடிப்படைக் காரணம்' என்று அழைத்து, அதையே கணக்கில் எடுக்க வேண்டும் என்பது உலக வழக்கம். நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டின் ஆறாம் திருத்தம் 1948-இல் ஏற்கப்பட்டபோதே இந்த முறை உறுதியாகிவிட்டது. காரணம் எளியது. செப்டிசீமியாவைத் தடுக்கத் திட்டம் தீட்ட முடியாது. சர்க்கரை நோயாளிகளின் கால்களை மாதந்தோறும் பார்க்கத் திட்டம் தீட்ட முடியும். உங்கள் தந்தையின் சான்றில் கடைசி வரி காலியாக விடப்பட்டதால், சர்க்கரை நோயால் இறந்தவர்களின் கணக்கில் ஒருவர் குறைந்து, எதற்கும் பயன்படாத ஒரு கணக்கில் ஒருவர் கூடியிருக்கிறார். இத்தகைய பயனற்ற பதிவுகளுக்கு ஆய்வாளர்கள் 'குப்பைக் குறியீடு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கடுமையான பெயர்தான், ஆனால் பொருத்தமானது.

சான்றைத் திருத்தக் கேட்கலாமா என்பதை நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், கேட்கலாம் என்றே சொல்லியிருப்பேன். கையொப்பமிட்ட மருத்துவர் கேஸ் ஷீட்டைப் பார்த்துச் சரியான காரணத்தை எழுத்துமூலம் தெரிவித்தால், பதிவேட்டிலுள்ள பிழையைத் திருத்த 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு பதிவாளருக்கு அதிகாரம் அளிக்கிறது.

கேள்வி: மாநகராட்சியில் வாங்கிய என் தாயாரின் இறப்புச் சான்றிதழில் காரணம் என்ற கட்டமே இல்லை. விட்டுவிட்டார்களா?
— வாசகி, மதுரை

பதில்: விடவில்லை, சட்டமே அதைத் தடுக்கிறது. மருத்துவர் எழுதும் காரணச் சான்று வேறு, பதிவாளர் தரும் இறப்புச் சான்றிதழ் வேறு. பதிவேட்டிலிருந்து தரப்படும் நகலில் இறப்பின் காரணத்தை வெளியிடக் கூடாது என்று மேற்சொன்ன சட்டத்தின் 17-ஆம் பிரிவு கூறுகிறது. வாரிசுச் சான்றுக்கும் வங்கிக் கணக்குக்கும் ஒருவர் இறந்தார் என்ற செய்தி போதும். எந்த நோயில் இறந்தார் என்பது வங்கி எழுத்தருக்குத் தெரிய வேண்டியதில்லை. மருத்துவமனை தரும் காரணச் சான்றின் நகலைக் குடும்பத்தார் பெறுவதற்குத் தடை இல்லை. 2023-இல் திருத்தப்பட்டு அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், அந்தச் சான்றைப் பதிவாளருக்கு அனுப்புவதோடு அதன் நகலை நெருங்கிய உறவினருக்கும் தர வேண்டும் என்றும், கட்டணம் வாங்கக் கூடாது என்றும் தெளிவாகவே சொல்கிறது.

கேள்வி: நான் ஒரு பெரிய மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். இரவுப் பணியில் யாராவது இறந்தால் படிவத்தை நிரப்பும் வேலை எனக்குத்தான் வருகிறது. நோயாளியை நான் முன்பின் பார்த்திருக்க மாட்டேன். வெளியே உறவினர்கள் ஆம்புலன்ஸோடு காத்திருப்பார்கள். மேலே இருப்பவர்கள், 'அரெஸ்ட் என்று போட்டு அனுப்பு' என்கிறார்கள். இதை எப்படிச் சரியாக எழுதுவது என்று எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தந்ததாக நினைவில்லை.
— பெயர் வெளியிட விரும்பாதவர்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முப்பது ஆண்டுகள் இதைக் கற்பித்தவர்களில் நானும் ஒருவன் என்பதால், கடைசி வாக்கியம் எனக்கு எழுதப்பட்டதாகவே எடுத்துக்கொள்கிறேன். பாடத்திட்டத்தில் இது இருக்கிறது. நாங்கள் ஒரு மணி நேரம் விரிவுரை நடத்துவோம். தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்குக் குறிப்பு வரையச் சொல்வோம். நீங்கள் மனப்பாடம் செய்து எழுதுவீர்கள். உண்மையான கேஸ் ஷீட் ஒன்றைக் கையில் கொடுத்து, இதற்குச் சான்று எழுது என்று உட்கார வைத்ததில்லை. ஊசி போடுவதை விரிவுரையால் கற்பிக்க முடியாது என்று தெரிந்த நாங்கள், இதை மட்டும் விரிவுரையால் கற்பிக்கலாம் என்று நம்பிவிட்டோம்.

ஒரு மருத்துவருக்கு நோயைப் பற்றிய அறிவு இல்லாததால் இந்தப் படிவம் கெடுகிறது என்று நான் நினைக்கவில்லை. நோயாளிக்குச் சிகிச்சை அளித்த மூத்த மருத்துவரை எழுப்பிக் கேட்டால், கல்லீரல் சுருங்கியதும், அதனால் உணவுக்குழாயின் நாளங்கள் வீங்கி வெடித்ததும், இரத்தம் கொட்டியதும் வரிசை மாறாமல் சொல்வார். அந்த வரிசைதான் சான்று. அதை அறிந்தவர் எழுதுவதில்லை, எழுதுகிறவர் அறிந்திருப்பதில்லை. பிழையில் பெரும்பகுதி இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது. நோயாளியின் வரலாற்றில் எழுதப்படும் கடைசி ஆவணத்தை, அவரை ஒருநாளும் பாராத மிக இளையவரிடம் நள்ளிரவில் தள்ளிவிடும் வழக்கத்தை எந்த மருத்துவமனையும் ஒரு சுற்றறிக்கையால் மாற்றிவிடலாம்.

இது நம்மூருக்கு மட்டும் உரிய குறையும் அன்று. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஃபிராமிங்ஹாம் என்ற ஊரில், 1948 முதல் ஊராரின் இதய நலத்தைத் தலைமுறைகளாகப் பின்தொடர்ந்துவரும் ஆய்வு ஒன்று உண்டு. அதில் இருந்தவர்கள் இறந்தபோது, மருத்துவர் குழு எல்லா ஆவணங்களையும் பார்த்து முடிவுசெய்த காரணத்தையும் சான்றில் எழுதப்பட்ட காரணத்தையும் ஒப்பிட்டு 1998-இல் வெளியிட்டார்கள். இதயக் குழாய் நோயால் இறந்தவர்களின் எண்ணிக்கையைச் சான்றுகள் ஏறத்தாழ கால்பங்கு கூட்டிக் காட்டின. 85 வயதைக் கடந்தவர்களில் அது இரண்டு மடங்குக்கும் மேல். கேள்வி கேட்க ஆளில்லாத வயதில் இறந்தவருக்கு எல்லாம் 'இதயம்' என்று எழுதிவிடுவது அங்கேயும் வழக்கம் போலும். நியூயார்க்கில் 2009 வாக்கில் நகரச் சுகாதாரத்துறை இதயநோய் இறப்புகளை அளவுக்கு மீறி எழுதிவந்த எட்டு மருத்துவமனைகளைத் தேர்ந்தெடுத்து, சான்று எழுதுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. அந்த மருத்துவமனைகளில் இதயநோயால் என்று எழுதப்பட்ட இறப்புகள் பாதிக்கும் மேல் குறைந்தன. நோய் குறையவில்லை, எழுத்து திருந்தியது, அவ்வளவுதான்.

உங்களுக்கு உடனே உதவக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன். பேனாவை எடுப்பதற்கு முன் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தைப் படியுங்கள், கடைசிப் பக்கத்தை அல்ல. அவர் எதற்காக இந்த மருத்துவமனைக்கு வந்தார் என்ற கேள்விக்கான விடை பெரும்பாலும் உங்கள் கடைசி வரிக்கு அருகில் கொண்டுபோய் விடும். முதல் வரியை எழுதியபின், 'இது எதனால்?' என்று உங்களையே கேளுங்கள். விடை கிடைக்கும் வரை கீழே இறங்குங்கள். இனி விடை இல்லை என்ற இடத்தில் நின்றுவிடுங்கள். மூன்று வரி இருக்கிறது என்பதற்காக மூன்றையும் நிரப்ப வேண்டியதில்லை. காசநோய் நுரையீரலை அரித்து, இருமலில் இரத்தம் கொட்டி இறந்தவருக்கு இரண்டு வரியே போதும். ஒரு வரியில் ஒரு நிலையை மட்டும் எழுதுங்கள். சுருக்கெழுத்து வேண்டாம், 'எம்.ஐ.' என்று நீங்கள் மாரடைப்பை நினைத்து எழுதுவதை, சான்றிலுள்ள நோய்க்குப் புள்ளிவிவரத்துக்கான குறியீடு போடுகிறவர் இதய வால்வின் கசிவு என்று படிக்கக்கூடும். புற்றுநோய் என்றால் எந்த உறுப்பில் தொடங்கியது என்று எழுதுங்கள். காயம் என்றால் எலும்பு முறிவோடு நிறுத்தாமல், எப்படி ஏற்பட்டது என்பதையும் எழுதுங்கள். பெண்ணாக இருந்தால் கர்ப்பம், பிரசவம் பற்றிய கேள்வியைக் காலியாக விடாதீர்கள். பிரசவித்து 42 நாட்களுக்குள் நேர்ந்த ஒரு மரணம் பேறுகால இறப்பாகக் கணக்கில் ஏறுவதும் ஏறாமல் போவதும் பல வேளைகளில் உங்கள் ஒரு டிக்கில்தான் இருக்கிறது.

எல்லாம் பார்த்த பிறகும் காரணம் புலப்படவில்லை என்றால், காரணம் அறியப்படவில்லை என்று எழுதும் துணிவு வேண்டும். 1969-ஆம் ஆண்டுச் சட்டம் உங்களிடம் கேட்டதெல்லாம் உங்கள் 'அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டிய வரை' எழுதுமாறுதான். முக்காலமும் உணர்ந்து எழுதச் சொல்லவில்லை. தெரியாததைத் தெரியாது என்று எழுதிய சான்று, தெரிந்தது போல் எழுதிய சான்றைவிட எனக்கு எப்போதும் பயன்பட்டிருக்கிறது. ஆம்புலன்ஸ் காத்திருப்பதைப் பற்றியும் கேட்டீர்கள். கேஸ் ஷீட்டைப் படிக்க ஆகும் பத்து நிமிடத்தை உறவினர்களிடம் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். எதற்காக என்று சொன்னால் கொடுப்பார்கள்.

கேள்வி: 88 வயதான என் பாட்டி வீட்டிலேயே காலமானார். தெருமுனை கிளினிக் டாக்டர், தான் அவருக்குச் சிகிச்சை அளிக்கவில்லை என்று சொல்லிச் சான்று தர மறுத்துவிட்டார். இன்னொரு டாக்டர் வீட்டுக்கே வராமல், வயதை மட்டும் கேட்டு 'மாரடைப்பு' என்று எழுதிக் கொடுத்தார். இருவரில் யார் செய்தது சரி?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: துக்க வீட்டில் முதலாமவர்மீது உங்களுக்குக் கோபம் வந்திருக்கும், ஆனால் அவர் செய்ததுதான் சரி. கடைசி நோயின்போது பார்த்த மருத்துவரே சான்று தர வேண்டும் என்பது சட்டம். மருத்துவமனைக்கு வெளியே நிகழும் இறப்புக்குப் படிவம் 4ஏ என்று தனியாக உண்டு. பாராத உடலுக்கு, கேளாத நோய்க்குச் சான்று எழுதுவது மருத்துவ மன்ற ஒழுக்க விதிகளின்படி தொழில்முறைத் தவறு.

அப்படியென்ன பெரிய தீங்கு என்று கேட்பவர்களுக்கு இங்கிலாந்தின் ஹெரால்ட் ஷிப்மனை நினைவூட்டுவது என் வழக்கம். மான்செஸ்டருக்கு அருகே ஹைட் என்ற ஊரில் குடும்ப மருத்துவராக இருந்த அவர், பெரும்பாலும் வயதான பெண்களை மார்ஃபின் வகை ஊசி போட்டுக் கொன்றுவிட்டு, இறப்புச் சான்றையும் தாமே எழுதிவந்தார். 2000-இல் 15 கொலைகளுக்காகத் தண்டனை பெற்றார். பிறகு நடந்த விசாரணை ஆணையம் 215 பேரைக் கொன்றதாகக் கண்டறிந்தது. ஒரு மூதாட்டியின் சொத்துக்காகப் போலி உயில் தயாரித்திராவிட்டால் அவர் அகப்பட்டிருக்கவே மாட்டாரோ என்னவோ. சிகிச்சை தராத இன்னொரு மருத்துவர் ஒவ்வொரு சான்றையும் சரிபார்க்க வேண்டும் என்ற ஏற்பாடு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டப்படி கட்டாயமானது 2024 செப்டம்பரில்தான்.

உங்கள் பாட்டியின் வீட்டுக்குத் திரும்புவோம். மருத்துவர் யாரும் பார்க்காத இறப்பைப் பதிவுசெய்ய மருத்துவச் சான்று இல்லாமல் வழியே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள், அது உண்மையன்று. குடும்பத் தலைவரோ நெருங்கிய உறவினரோ பதிவாளரிடம், கிராமமானால் கிராம நிர்வாக அலுவலரிடம், தகவல் தெரிவித்துப் பதிவுசெய்யலாம். இந்திய அளவில் 2020-இல் பதிவான 81 லட்சத்துக்கும் மேற்பட்ட இறப்புகளில் மருத்துவரின் காரணச் சான்று இருந்தது 22.5 விழுக்காட்டுக்கு மட்டுமே. மீதி அனைத்தும் காரணம் தெரியாமலோ, உறவினர் சொன்ன காரணத்தோடோ பதிவானவை. போலியாக ஒரு மாரடைப்பைச் சேர்ப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

இந்த இடைவெளியை நிரப்ப ஒரு வழி உண்டு. சென்னைக்கு அதில் பெருமைப்பட இடமும் உண்டு. சென்னையில் 1995 முதல் 1997 வரை இறந்த 48,000 பெரியவர்களின் வீடுகளுக்குப் பயிற்சி பெற்ற பணியாளர்கள் நேரில் சென்று, கடைசி நாட்களில் என்னென்ன அறிகுறிகள் இருந்தன என்று குடும்பத்தாரிடம் கேட்டு எழுதிவந்தார்கள். மருத்துவர்கள் அதைப் படித்துக் காரணத்தை முடிவுசெய்தார்கள். மருத்துவர் வேந்தன் கஜலட்சுமியும் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பீட்டோவும் நடத்திய ஆய்வு அது. மாநகராட்சிப் பதிவேட்டில் ஏராளமாக இருந்த 'காரணம் தெளிவில்லை' என்ற பதிவுகள், இப்படிக் கேட்டெழுதியபின் வெகுவாகச் சுருங்கிவிட்டன. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மருமகளிடம் அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டால், அவசரத்தில் எழுதிய சான்றில் இல்லாத செய்தி கிடைக்கிறது.

கேள்வி: என் கணவர் மாரடைப்பால் இறந்தார். சான்றில் இரண்டாம் பகுதியில் 'சர்க்கரை நோய், 15 ஆண்டு' என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். பாலிசி எடுத்தபோது அதைச் சொல்லவில்லை என்று காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கிறது. அந்த வரியை நீக்கித் தரும்படி மருத்துவரைக் கேட்கலாமா?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அம்மா, உங்கள் நிலை புரிகிறது, ஆனால் அதைக் கேட்காதீர்கள். உண்மையென்று தெரிந்த ஒன்றை நீக்கித் தரும் மருத்துவர் தம் மருத்துவத் தொழில் பதிவையே இழக்க நேரிடும். அதே நோய் கேஸ் ஷீட்டிலும் மருந்துச் சீட்டிலும் இருக்கும் என்பதால் உங்களுக்கும் அது உதவாது. மாறாக, பாலிசி எடுத்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்று பாருங்கள். ஆயுள் காப்பீட்டுப் பாலிசி நடைமுறைக்கு வந்தோ, காலாவதியாகி மீண்டும் புதுப்பிக்கப்பட்டோ மூன்று ஆண்டு கடந்துவிட்டால், அதை எந்தக் காரணம் காட்டியும் கேள்விக்குள்ளாக்கக் கூடாது என்று காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு சொல்கிறது. மூன்று ஆண்டுக்குள் என்றால், மறுப்புக்கான காரணத்தையும் ஆதாரத்தையும் எழுத்தில் கேட்டுப் பெற்று, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.

ஆண்டுக் கணக்கு தவறாக இருந்தால் மட்டும் மருத்துவரிடம் போங்கள். 15 ஆண்டு என்பதை யார் சொல்லி எழுதினார்? பதற்றத்தில் இருந்த உறவினர் ஒருவர் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கலாம். பழைய இரத்தப் பரிசோதனை அறிக்கைகளைக் காட்டி அதைத் திருத்தக் கேட்பதில் தவறில்லை.

குடும்பத்தாரின் விருப்பம் சான்றுக்குள் நுழைவது புதிதன்று. லண்டனில் வாரந்தோறும் வெளியான இறப்புப் பட்டியல்களை ஆராய்ந்து 1662-இல் நூல் எழுதிய ஜான் கிராண்ட், பாலுறவால் பரவும் மேகநோயில் இறந்தவர்கள் பட்டியலில் மிகக் குறைவாக இருப்பதைக் கண்டு வியக்கிறார். வீடுவீடாகப் போய்க் காரணம் கேட்டெழுதும் கிழவிகளுக்கு ஒரு கோப்பை மதுவும் சிறு தொகையும் கொடுத்தால் நோயின் பெயர் மாறிவிடுகிறது என்பது அவர் கண்ட விடை.

கேள்வி: எங்கள் ஊரில் பூச்சிமருந்து குடித்து இறந்த இளைஞர் ஒருவருக்கு 'வயிற்றுப்போக்கு' என்று சான்று வாங்கி அடக்கம் செய்துவிட்டார்கள். குடும்ப மானத்துக்காகச் செய்ததுதானே, இதில் குற்றம் உண்டா?
— வாசகர், தருமபுரி

பதில்: உண்டு. தற்கொலை, விபத்து, கொலை, நஞ்சு என்ற ஐயம் எழும் எந்த மரணத்திலும் மருத்துவர் காரணச் சான்று எழுதக் கூடாது. காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை முதல் புதிய நடைமுறைச் சட்டத்தின் 194-ஆம் பிரிவாக மாறியுள்ள விதியின்படி விசாரணையும், தேவைப்பட்டால் போஸ்ட்மார்ட்டமும் நடக்கும். மானத்தைக் காக்கும் என்று நினைத்து வாங்கும் அந்தச் சான்று, ஒருவர் தானாகக் குடித்தாரா, ஊற்றப்பட்டதா என்ற கேள்வியையும் சேர்த்தே புதைத்துவிடுகிறது. திருமணமான சில ஆண்டுகளில் இறந்துபோகும் மருமகள்களின் சான்றுகளில் 'வயிற்றுவலி' என்ற சொல்லைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

கேள்வி: 2020-இல் கொரோனாவில் இறந்த என் மாமாவின் சான்றில் 'நிமோனியா' என்றும் 'சர்க்கரை நோய்' என்றும்தான் இருந்தது. கணக்கைக் குறைத்துக் காட்டச் செய்தார்களா?
— வாசகர், சென்னை

பதில்: ஒரு தனிச் சான்றை வைத்து உள்நோக்கத்தைச் சொல்ல முடியாது. ஆனால் பிழை எங்கே நேர்ந்தது என்று சொல்ல முடியும். மூச்சுத்திணறல் நிமோனியாவால், நிமோனியா கொரோனாவால்; ஆகவே கொரோனா கடைசி வரியில் வர வேண்டும், சர்க்கரை நோய் இரண்டாம் பகுதிக்குப் போக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொன்னது. நிமோனியாவோடு நிறுத்தியது, உங்கள் மாமாவின் கதையை நடுவிலேயே நிறுத்தியது போல. தமிழக அரசு அமைத்த குழு சென்னையின் பதிவேடுகளை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, விடுபட்டிருந்த 444 இறப்புகள் 2020 ஜூலை 22 அன்று கொரோனாக் கணக்கில் சேர்க்கப்பட்டதை நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். பின்னர் உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 30 அன்று அளித்த தீர்ப்பை ஒட்டி, தொற்று உறுதியான 30 நாட்களுக்குள் நேர்ந்த இறப்புகளைக் கொரோனா இறப்பாகக் கொள்ளவும், சான்றில் மாறுபாடு இருந்தால் மாவட்டக் குழுவிடம் முறையிடவும் வழி செய்யப்பட்டது. 50,000 ரூபாய் நிவாரணத்துக்காகத்தான் பல குடும்பங்கள் காரணச் சான்றை முதன்முறையாக எடுத்துப் படித்தன.

கேள்வி: இறப்பைப் பதிவுசெய்யப் போன இடத்தில், இறந்தவர் புகைபிடிப்பாரா, எத்தனை ஆண்டு, புகையிலை போடுவாரா, பாக்கு மெல்லுவாரா, குடிப்பாரா என்றெல்லாம் கேட்டார்கள். போனவரைப் பற்றி இதெல்லாம் எதற்கு? 'தெரியாது' என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.
— வாசகர், விழுப்புரம்

பதில்: மருத்துவர் நிரப்பும் படிவத்தைப் பற்றியே இதுவரை பேசினோம், இது உறவினர் நிரப்ப வேண்டிய படிவம் 2. உங்கள் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்தே இதற்கு விடை சொல்லலாம். மேலே சொன்ன கஜலட்சுமியும் பீட்டோவும் வேறு சில ஆய்வாளர்களோடு சேர்ந்து, சென்னையிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்த 43,000 ஆண்களின் குடும்பத்தாரிடம் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். காசநோயால் இறந்த ஆண்களில் ஏறத்தாழ பாதிப் பேரின் மரணத்துக்குப் புகைபிடித்தல் காரணமாக இருந்தது என்ற முடிவு 2003-இல் வெளியானது. காசநோய்க்கும் பீடிக்கும் இவ்வளவு நெருக்கம் உண்டென்று அதற்கு முன் உறுதியாக எடுத்துக்காட்டியவர்கள் குறைவு. அந்த வீடுகளில் இருந்தவர்கள் 'தெரியாது' என்று சொல்லாததால் தெரியவந்தது அது. உங்களுக்கும் அவர் எத்தனை ஆண்டு பீடி பிடித்தார் என்பது தெரிந்திருக்குமானால், பதிவாளரிடம் மீண்டும் ஒருமுறை போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.